பெயர் எந்தக் கட்டத்தில் அடங்கும்?

 

சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் எங்கள் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் எந்தச் சாலையில் சென்றாலும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்னே நெற்குவியல்கள் காட்சி தரும். விவசாயி கொண்டுவந்த நெல்லை அங்கே உள்ளபடியே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியில் இட்டுப் பார்க்கிறார்கள். 17 சதவீதத்திற்கு மேல் ஈரம் இருந்தால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். (மழையில் பயிர் நனைந்த ஆண்டுகளில் மத்திய அரசின் அனுமதி பெற்று இந்த அளவைத் தளர்த்தியதும் உண்டு.) கருக்காய் எவ்வளவு, கல் மண் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். அதன் பிறகே நெல் 40 கிலோ சிப்பமாகிறது. வாசலில் இந்தச் சோதனை இல்லையென்றால் ஒரு மூட்டையின் ஈரம் கிடங்கின் ஓர் அடுக்கையே பூசணம் பிடிக்க வைத்துவிடும் என்பது குடும்பத் தலைவிகளுக்குக்கூடத் தெரிந்த செய்தியே.

இதே வேலையைத்தான் கணிப்பொறிகளும் ஒவ்வொரு நொடியும் செய்துகொண்டிருக்கின்றன. அங்கே நெல்லின் இடத்தில் நம்முடைய பெயரும், பிறந்த தேதியும், ஊரும் இருக்கின்றன. இது நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளின் சபர், வேலை, வங்கிக் கணக்கு எல்லாம் இந்த வாசலில்தான் நிற்கின்றன.

இ-சேவை மையத்திலோ பயண ஏஜெண்டிடமோ நீங்கள் அமர்ந்திருக்க, ஓர் இளைஞர் விவரங்களைத் தட்டச்சு செய்கிறார். அவர் பொத்தானை அழுத்தியதும் அவ்விவரங்கள் ஒரு வேண்டுகோளாகி வேறோர் ஊரிலுள்ள கணிப்பொறிக்குச் செல்கின்றன. அது மூன்றாவது கணிப்பொறி ஒன்றுக்கு அனுப்பக்கூடும். விமானச் சீட்டு எடுக்கும்போது ஏஜெண்டின் கணிப்பொறி விமான நிறுவனத்தின் கணிப்பொறியிடம் பேசுகிறது; விமான நிறுவனத்தினுடையது போய்ச்சேரும் நாட்டின் குடியேற்றத் துறைக் கணிப்பொறியிடம் பேசுகிறது. இப்படி ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரத்திற்குப் பணி செய்வதை இணையச் சேவை என்கிறார்கள். இதில் ஒரு விதி உண்டு. பெறுகின்ற ஒவ்வோர் இயந்திரமும் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். அனுப்பியவர் முன்பே சோதித்திருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. திரையில் நடக்கும் சோதனை, தட்டச்சு செய்பவருக்குச் செய்யும் உதவி மட்டுமே. திரையே இல்லாமல் நேரடியாக வேண்டுகோள் அனுப்பத் தெரிந்தவர்கள் உலகில் ஏராளம் என்பதால், உண்மையான காவல் பெறுகின்ற இடத்தில்தான் இருக்க வேண்டும்.

என்னென்ன சோதிக்கிறார்கள்? கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா, நீளம் சரியா, எண் வேண்டிய இடத்தில் எழுத்து வந்துவிட்டதா என்பவை எளிய சோதனைகள். வங்கிக் கிளைக்குரிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 எழுத்துகள் கொண்டது. அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' என்னும் எழுத்தைப் போட்டால் கணிப்பொறி உடனே மறுக்கும். இவற்றைவிட நுட்பமானது சோதனை இலக்கம். உங்கள் வீட்டு பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். புகைப்படப் பக்கத்தின் அடியில், ஒவ்வொன்றும் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் பிறந்த தேதியை அடுத்து ஓர் எண் தனியே வருகிறதல்லவா? அதுதான் சோதனை இலக்கம்.

ஒருவர் 1985 மே 12இல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்திற்கு அது 850512. இவ்வெண்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குகிறார்கள். 56, 15, 0, 35, 3, 2 என்று வரும். கூட்டினால் 111; பத்தால் வகுத்தால் மீதி 1. அந்த 1ஐத் தேதியின் அருகே அச்சிடுகிறார்கள். முதலிரண்டு எண்களை இடம் மாற்றி 580512 என்று யாராவது தட்டச்சு செய்தால் கூட்டுத்தொகை 99 ஆகி மீதி 9 வரும், பிழை பிடிபடும். ஆனால் இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. இரண்டாவது, மூன்றாவது எண்களை இடம் மாற்றி 805512 என்று எழுதிப் பாருங்கள். கூட்டுத்தொகை 101, மீதி அதே 1. தம்முள் 5 வேறுபாடு உள்ள அடுத்தடுத்த எண்கள் இடம் மாறினால் இந்தக் கணக்கு ஏமாந்துவிடும். அப்படியானால் பிழை தப்பிவிடுமா என்றால், இல்லை. அடுத்த சோதனை காத்திருக்கிறது. 80ஆம் ஆண்டு, 55ஆம் மாதம், 12ஆம் நாள் என்றல்லவா அத்தேதி ஆகிறது! ஐம்பத்தைந்தாம் மாதம் ஏது? ஒரு வலையில் தப்பியது மறுவலையில் சிக்கிக்கொள்கிறது.

ஆதார் எண்ணில் இந்த ஓட்டையும் அடைக்கப்பட்டிருக்கிறது. அதன் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி கணக்கிடப்படுவது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது தவறாமல் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் மதரஸாவில் 'ஜீம்' எழுத்தின் புள்ளியை மேலே வைத்த பிள்ளையிடம், 'இது இப்போது கா ஆகிவிட்டதே' என்று சொல்வதற்கு ஓர் ஆசிரியர் வேண்டியிருக்கிறது. ஆதார் எண்ணுக்குள்ளோ ஆசிரியரும் சேர்ந்தே இருக்கிறார்!

ஆனால் பெயருக்குச் சோதனை இலக்கம் கிடையாது. தொல்லை தொடங்குவது இங்கேதான்.

2022 நவம்பர் 21ஆம் நாள் ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஒரு சுற்றறிக்கை அனுப்பின. பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்களை, அதாவது 'கிவன் நேம்', 'சர்நேம்' ஆகிய இரு கட்டங்களில் ஒன்று வெறுமையாக உள்ளவர்களை, ஐக்கிய அரபு அமீரகத்தின் குடியேற்றத் துறை ஏற்காது என்பது அதன் சாரம். வருகை விசா, வேலை விசா, தற்காலிக விசா எல்லாவற்றுக்கும் இவ்விதி. குடியிருப்பு அனுமதி உடையவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: அவர்களுடைய அதே பெயர் இரண்டு கட்டங்களிலும் ஏற்றப்பட்டிருந்தால் தடையில்லை. இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காதர் என்பவர் காதராகவே வந்தால் அனுமதியில்லை. 'காதர் காதர்' என்று வந்தால் அனுமதி உண்டு! இதனால் அந்நாட்டுக்குப் புதிதாக என்ன தெரிந்துவிட்டது? ஒன்றுமில்லை. கட்டம் நிரம்பிவிட்டது, இயந்திரம் திருப்தியடைந்தது, அவ்வளவே. சில நாட்களில், பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று விளக்கம் வந்தது. அதற்குள் நகையை அடகு வைத்து டிக்கெட் எடுத்திருந்த குடும்பங்கள் எத்தனை தவித்திருக்கும் என்பதைச் சபுராளிகளின் வீடுகள் நிறைந்த நம் பகுதியினருக்கு விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டினர் இதில் எளிதில் சிக்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நமக்கு வழிவழியாக வரும் குடும்பப் பெயர் பொதுவாக இல்லை. தந்தை பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக முன்னே போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பமோ இனிஷியலை ஏற்பதில்லை. விரித்தே எழுத வேண்டும். அங்கே சர்நேம் கட்டாயமில்லை என்பதால் பலர் அதை வெறுமையாக விட்டு, பெயரைக் கிவன் நேமில் எழுதினார்கள். பான் அட்டை விண்ணப்பத்திலோ நெடுங்காலமாகக் கடைசிப் பெயரே கட்டாயக் கட்டம். ஒற்றைப் பெயருடையவர் அதைக் கடைசிப் பெயராகத்தான் எழுத வேண்டும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போய்விடும். கிவன் நேம் கட்டத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கத்தை அச்சிடுவார்கள். ஆதாரில் ஒரே கட்டம்தான். ஆக, ஒரே மனிதரின் ஒரே பெயர் ஓர் அட்டையில் முன்னாலும், மற்றொன்றில் பின்னாலும், மூன்றாவதில் நடுவிலுமாக நிற்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வோர் அலுவலகத்தின் விதியையும் ஒழுங்காகப் பின்பற்றினார், அவ்வளவுதான்.

பெயரைக் கட்டங்களுக்காக உடைக்கும்போது நம்மவர்களுக்கு மற்றொரு நட்டமும் நேர்கிறது. 'அப்துர் ரஹ்மான்' என்பது இரண்டு பெயர்களன்று, ஒரே பெயர். ரஹ்மானுடைய அடியான் என்பது அதன் பொருள். இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி, 'அப்துல்' என்பதை ஒரு கட்டத்திலும் 'ரஹ்மான்' என்பதைச் சர்நேம் கட்டத்திலும் போட்டுவிடுகிறார்கள். வெளிநாட்டு அலுவலகத்தில் அவரை 'மிஸ்டர் அப்துல்' என்றே கூப்பிடுகிறார்கள். அப்துல் என்றால் 'அடியான், இன்னாருடைய...' என்று பாதியில் நின்றுபோன சொல். வெறும் 'ரஹ்மான்' என்று ஓர் அடியானை அழைப்பதையோ உலமாக்கள் விரும்புவதில்லை. நூருல் அமீன், ஷம்சுத்தீன் போன்ற பெயர்களும் இவ்வாறே வெட்டுப்படுகின்றன. கிவன் நேம் கட்டத்திற்குள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று சொற்களை எழுதலாம் என்பது பல வீடுகளில் தெரியாததால் வந்த வினை இது. முழுப் பெயரையும் அங்கே எழுதித் தந்தை பெயரைச் சர்நேமில் எழுதினால் எந்தப் பெயரும் வெட்டுப்படாது.

எழுத்துக்கூட்டல் தனிக்கதை. முஹம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் 'எம்' போட்டு அடுத்தது 'ஓ'வா 'யூ'வா? நடுவில் ஓர் 'எம்'மா இரண்டா? ஈற்று 'டி'க்கு முன் 'ஏ'யா 'ஈ'யா? இம்மூன்று இடங்களில் மட்டும் இரண்டிரண்டு வழிகள் என்று கொண்டாலே எட்டு வடிவங்கள் பிறந்துவிடுகின்றன. சுருக்கி எழுதும் வழக்கங்கள் தனி. காதுக்கு எட்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு எட்டும் எட்டு வெவ்வேறு மனிதர்கள். பான் அட்டையையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது இது வெளிப்பட்டது. இரண்டிலும் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தவர்கள் ஒரு பக்கம். 2023 ஜூன் 30க்குள் இணைக்காததால் பான் அட்டை செயலிழந்து, பின்னர் ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்டி உயிர்ப்பித்தவர்கள் மறுபக்கம்.

மனிதரின் பெயரை விடுங்கள். எங்கள் ஊரின் பெயருக்கே இந்த நிலைதான். அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'ஹெச்' சேர்த்து, ஈற்றில் இரண்டு 'ஓ' போட்டுத் திருத்துறைப்பூண்டியை எழுதுகின்றன. ரயில்வேயோ 'ஹெச்' இல்லாமல், 'யூ' போட்டு எழுதுகிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, எதிர்ப்பும் குழப்பமும் எழவே சில நாட்களிலேயே திரும்பப் பெற்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயினும் ரயில் டிக்கெட்டில் இதனால் எந்தக் குழப்பமும் நேர்வதில்லை. ரயில்வேயின் கணிப்பொறி எங்கள் ஊரை 'டி.டி.பி.' என்னும் மூன்றெழுத்துக் குறியீட்டால் அறிகிறது. பெயர் எப்படி எழுதப்பட்டாலும் வண்டி இங்கேதான் வந்து நிற்கும். ஆதார் எண், பாஸ்போர்ட் எண் என்று நமக்கும் குறியீடுகள் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த பின்பும் பெயரின் ஒரு எழுத்துக்காக வாசலில் நிறுத்துகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். ஆள் மாறாட்டத்தைத் தடுக்கப் பெயரைப் பார்ப்பதில் நியாயம் உண்டு. ஓர் 'ஹெச்' கூடியதற்காக ஆளே வேறு என்று முடிவு கட்டுவதில் நியாயமில்லை.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையன்று. இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயர் வெகு சாதாரணம். அந்நாட்டின் முதல் ஜனாதிபதி சுகார்னோ; அடுத்தவர் சுகார்த்தோ; இருவருக்கும் ஒற்றைப் பெயரே. அத்தகைய நாடே 2022ஆம் ஆண்டில், இனிப் பதிவு செய்யும் பெயர் குறைந்தது இரண்டு சொற்களாகவும் 60 எழுத்துகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று உள்துறை விதி செய்தது. கட்டத்தை மனிதனுக்கேற்ப அமைக்காமல் மனிதனைக் கட்டத்துக்கேற்ப அமைக்கிறார்கள். மலேசியத் தமிழர்கள் 'இன்னாரின் மகன்' என்பதற்கு மலாய் மொழியில் இரண்டு எழுத்துகளுக்கிடையே சாய்கோடு போட்டு எழுதுகிறார்கள். பாஸ்போர்ட்டின் இயந்திர வரியில் சாய்கோட்டுக்கு இடமே இல்லை. அயர்லாந்தின் ஓ'கானர் குடும்பத்தாருக்குப் பெயருக்குள் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறியே பகை. அதற்கொரு காரணமும் உண்டு. கணிப்பொறிக்கு இடும் கட்டளை மொழியில் அக்குறி, விவரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டுவது. விஷமி ஒருவர் பெயர்க் கட்டத்தில் அக்குறியைப் போட்டு, அதன் பின்னே 'இந்த ஏடு முழுவதையும் அழி' என்று கட்டளை எழுதினால், கவனமில்லாத நிரல் அதைப் பெயரென்று எண்ணாமல் ஆணையென்று எண்ணிக் கீழ்ப்படிந்துவிடும். இதற்கு அஞ்சிச் சிலர் அக்குறியையே தடை செய்துவிடுகிறார்கள். விவரத்தையும் கட்டளையையும் கலக்காமல் வேறு வேறாக அனுப்புவதே சரியான மருந்து. திருடனுக்குப் பயந்து வாசலையே சுவராக்கிவிட்டால் வீட்டுக்காரர் எவ்வழியாக வருவார்?

கட்டாயக் கட்டங்கள் மற்றொரு தீமையையும் செய்கின்றன. தெரியாததைத் தெரிந்ததாக எழுத வைக்கின்றன. பிறந்த தேதி தெரியாத நம் பெரியவர்கள் எத்தனை பேருடைய அட்டைகளில் ஜனவரி 1 என்று இருக்கிறது! பள்ளியில் சேர்க்க வயது நிறைய வேண்டுமென்று தலைமையாசிரியர் போட்ட மே, ஜூன் மாதத் தேதிகளே பலருக்கு வாழ்நாள் முழுவதற்கும் பிறந்த நாளாகிவிட்டன. மேலே சொன்ன 7, 3, 1 கணக்கு இத்தேதிகளையும் சரி என்றே சொல்லும். சோதனை பார்ப்பது வடிவத்தை மட்டுமே, உண்மையை அன்று. ஈரப்பதமானி நெல்லின் ஈரத்தைச் சொல்லும். அது யார் வயலின் நெல் என்பதைச் சொல்லாது.

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் அமர்ந்து இத்தகைய நிரல்களை எழுதுகிறவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010ஆம் ஆண்டில் பேட்ரிக் மெக்கென்சி என்னும் நிரலாளர், பெயர்களைப் பற்றி நிரல் எழுதுவோர் கொண்டுள்ள 40 தவறான எண்ணங்களைத் தொகுத்து எழுதினார். எல்லோருக்கும் முதற்பெயரும் கடைசிப் பெயரும் உண்டு என்பது போன்றவை அவை. அதைத் தேடிப் படியுங்கள். தேதியை, தொகையை, குறியீட்டு எண்ணை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சோதியுங்கள். அவை மனிதர் வகுத்த அளவுகளுக்கு உட்பட்டவை. பெயருக்கு ஒரே கட்டம் போதுமென்றால் ஒன்றே வையுங்கள். மறுக்கத்தான் வேண்டும் என்றால் எந்தக் கட்டத்தில் என்ன குறை என்று சொல்லி மறுங்கள். தவறான வேண்டுகோள் வந்தால் இணையச் சேவைகள் 400 என்னும் எண்ணைத் திருப்பி அனுப்புவது மரபு. அந்த எண்ணோடு நின்றுவிட்டால், நெல்லைத் திருப்பி அனுப்பிவிட்டு ஈரமா கருக்காயா என்று சொல்லாமல் விடுவதைப் போன்றது.

வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியவை சில உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்று சட்டம் ஆகியிருக்கிறது. ஆகவே அதில் விழும் எழுத்து, பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். பிறப்பைப் பதிவு செய்தபின் குழந்தையின் பெயரைச் சேர்க்க 12 மாதங்கள் வரை கட்டணமில்லை, அவசரம் வேண்டாம். அகீகா கொடுத்துப் பெயர் சூட்டும்போதே அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தையின் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துப் பிசகாமல், குழந்தையின் சான்றிதழிலும் இருக்கட்டும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் வாய்மொழியாகக் கேட்டு எழுத விடாமல் சான்றிதழைக் காட்டுங்கள்.

சர்நேம் வெறுமையாக உள்ள பாஸ்போர்ட் உங்களிடம் இருந்தால், விசாவுக்கு மனுச் செய்யும் முன்பே தந்தை பெயரைச் சர்நேமாக்கி மறுவெளியீடு வாங்கிவிடுவது மேல். தஞ்சாவூரிலுள்ள பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே இது நடக்கும். விசா அடித்த பின் மாற்றினால், அங்கே வாங்கிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து மாற்ற வேண்டிவரும். பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. படிப்புச் சான்றிதழில் தந்தையின் இனிஷியல், குடும்ப அட்டையில் கணவரின் இனிஷியல், ஓர் அட்டையில் 'பீவி', மற்றொன்றில் 'பேகம்' என்று அவர்கள் பெயர்தான் அதிகம் சிதறிக் கிடக்கிறது. மணமானதற்காகப் பாஸ்போர்ட்டிலோ ஆதாரிலோ பெயரை மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; கணவர் பெயருக்கு அதற்கென்று வேறு கட்டம் இருக்கிறது.